தபால் வாத்தும் சிப்பி ஆம்லெட்டும்

"பெட்டி டூப்ளிகேட்டா இருந்தா என்னங்க? ஆடின கை ஒரிஜினல்தானே!"

ஷியூச்சின் கையை ஆட்டிப் பேசினாள். அவள் கணவன் மாவ்ஷெங், ஸ்கூட்டர் மெக்கானிக், பக்கத்தில் நின்றான். அவன் நெஞ்சோடு அணைத்திருந்த கேம் பெட்டி பாதி பிளாஸ்டிக், பாதி ஒட்டு டேப்.

எதிரே நடுவர் லியாவ் அம்மாள் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பழைய வீடியோ கேம்களை யார் சீக்கிரம் ஆடி முடிக்கிறார்கள் என்று பட்டியல் போடும் தைச்சுங் நகரச் சங்கத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

'தபால் வாத்து' என்ற ஆட்டத்தை மாவ்ஷெங் பதினொரு நிமிடம் முப்பத்தெட்டு நொடியில் முடித்து வீடியோ அனுப்பியிருந்தான். ஒன்பது வருடமாக யாராலும் அசைக்க முடியாத சாதனையை விட மூன்று நொடி குறைவு. அந்தச் சாதனைக்காரர் யாரென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பட்டியலில் 'சிப்பி ஆம்லெட்' என்ற புனைபெயர் மட்டும் இருந்தது.

"அசல் பெட்டிக்கும், நாங்க சோதிச்சுப் பார்த்த மூணு எமுலேட்டருக்கும்தான் அனுமதி," என்றார் லியாவ் அம்மாள். "டூப்ளிகேட்ல சிலது வேகமா ஓடும். இந்த மூணு நொடி உங்க கை ஜெயிச்சதா, பெட்டி ஜெயிச்சதா?"

மாவ்ஷெங்குக்குப் பொறுக்கவில்லை. "கம்ப்யூட்டர்ல அசல் மாதிரி வேஷம் போடுற எமுலேட்டருக்கு நாற்காலி போடுவீங்க. எங்க தெருவுல எல்லார் வீட்லயும் இருந்தது இந்தப் பெட்டிதான். இதுக்கு மட்டும் வாசல்லயே நில்லுன்னா எப்படி அக்கா?"

"அந்த எமுலேட்டரும் பரீட்சை எழுதித்தான் உள்ள வந்துச்சு. உங்க பெட்டி எழுதுமா?"

"பேஷா எழுதும்!" என்று ஷியூச்சின் முந்திக்கொண்டாள்.

லியாவ் அம்மாள் முதலில் அவன் வீடியோவை இன்னொரு தடவை ஓடவிட்டார். மூன்றாவது பாலத்தில் வாத்து தாவுவதற்கு ஒரு கணம் முன்பு அவருடைய கட்டைவிரல் மேஜையை டக்கென்று தட்டியது. பொறுமையே இல்லாத மனுஷி என்று மாவ்ஷெங் மனதுக்குள் திட்டினான்.

பிறகு இரண்டு டிவியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் சங்கத்தின் அசல் பெட்டி, மற்றதில் மாவ்ஷெங்கின் பெட்டி. இரண்டுக்கும் ஒரே ஸ்விட்ச். யாரும் எதையும் தொடாமல் விட்டால், வாத்து தானாகக் கொஞ்ச நேரம் ஆடிக் காட்டும். நாற்பத்திரண்டாவது நொடியில் கிணற்றில் விழும். பெட்டியில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் வாத்து வேறு எங்காவது போய் முட்டிக்கொள்ளும்.

"வாத்தே, மானத்தை வாங்கிடாதே," என்று முணுமுணுத்தான் மாவ்ஷெங்.

இரண்டு வாத்துகளும் ஒரே நேரத்தில் தொபுக்கடீர் என்று கிணற்றில் விழுந்தன.

"விழுந்திடுச்சு! ஆம்லெட்டைத் திருப்பிப் போட்டாச்சு!" ஷியூச்சின் குதித்த குதியில், கீழ்த்தளத்துக் கொழுக்கட்டைக் கடைக்காரர் துடைப்பத்தால் தன் கடைக் கூரையைத் தட்டினார்.

லியாவ் அம்மாள் விடவில்லை. மறுபடி ஓடவிட்டார். பெட்டி சூடான பிறகு மூன்றாவது தடவையும். ஒவ்வொரு முறையும் இரண்டு வாத்துகளும் சொல்லிவைத்தாற்போல் விழுந்தன. அப்புறம் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

"டூப்ளிகேட் பெட்டியோட கன்ட்ரோலர்ல டர்போ பட்டன் இருக்கும். ஒரு தடவை அமுக்கினா இருபது தடவை அமுக்கின மாதிரி."

"அந்த ஒயரை நான் வெட்டிட்டேன் அக்கா. அதை வச்சு ஜெயிச்சா எனக்கே பிடிக்காது."

திறந்து பார்த்தார். ஒயர் வெட்டித்தான் இருந்தது. லியாவ் அம்மாள் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

"இன்னும் ஒண்ணு பாக்கி. புது மாதிரிப் பெட்டியைப் பட்டியல்ல சேர்க்கணும்னா, சாதனைக்காரங்க ஆட்சேபம் இல்லைன்னு கையெழுத்துப் போடணும். சங்க விதி."

மாவ்ஷெங் தன் பெட்டியின் ஒயரைப் பிடுங்கப் போனான். இவ்வளவு தூரம் வந்து இங்கேயா முட்டிக்கொள்ள வேண்டும்! "முடிஞ்சது போங்க. ஒன்பது வருஷ நாற்காலியை யார் தன் கையால தூக்கிக் கொடுப்பாங்க?"

"அந்த ஆளை இங்க வரச் சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்," என்று ஷியூச்சின் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டாள். "எனக்கு அப்பவே சந்தேகம். எங்களை இவ்வளவு குடையறீங்களே, அந்த ஆம்லெட் உங்க சொந்தக்காரனா?"

"சொந்தத்துக்கும் மேல," என்றார் லியாவ் அம்மாள்.

காகிதத்தை இழுத்து 'ஆட்சேபம் இல்லை' என்று எழுதினார். அதன் கீழே அழகாகக் கையெழுத்துப் போட்டார்: 'சிப்பி ஆம்லெட்.'

பிறகு மாவ்ஷெங்கின் கன்ட்ரோலரை மூடித் திருகிக் கையில் எடுத்துக்கொண்டார். "ஒன்பது வருஷமா துரத்த ஆளில்லாம தனியா ஓடி அலுத்துப் போச்சு தம்பி. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அந்த மூணு நொடியை உங்க டூப்ளிகேட் பெட்டியிலயே திருப்பி எடுக்கிறேன்!"