பொறுப்பு ஒப்படைப்பு

"சாவியை மேஜை மேல வெச்சிட்டுப் போங்க" என்றாள் புது டீச்சர். எதிரே நின்றவளின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பார்க்க மனம் வரவில்லை. தேர்வில் தேறி, பட்டியலில் பேர் வந்தும், ஆறு வருஷம் கோர்ட்டுப் படியேறி இறங்கியவள் அவள். "இடத்தை நிரப்பறதும் நிரப்பாததும் எங்க விருப்பம்" என்று அரசாங்கம் ஒரே பிடியாக நின்றது. அந்த ஆறு வருஷமும் இங்கே கணக்குப் பாடம் எடுத்தது, எதிரே நிற்கும் இந்தத் தற்காலிக டீச்சர்.

"பத்தாம் வகுப்புல நாலஞ்சு பேருக்கு அல்ஜீப்ரா இன்னும் பிடிபடலைங்க. கொஞ்சம் பொறுமையா..."

"நான் பார்த்துக்கறேன். பரீட்சை எழுதி வந்தவ நான். சிபாரிசுல வரலை."

தற்காலிக டீச்சர் சாவியை மேஜை மேல் வைத்தாள். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தலைமையாசிரியர் பதிவேட்டை நீட்டினார். "வயசு தாண்டிப்போச்சு. இனிமே அந்தம்மாவுக்கு எங்கேயும் வேலை கிடைக்காது."

"அதுக்கு நான் என்ன சார் பண்ணட்டும்? அரசாங்கத்தோட விருப்பம்னாலும் இடத்தை நிரப்பாம விடத் தகுந்த காரணம் வேணும்னு ஜட்ஜே சொல்லிட்டாரே."

"காரணம் சொன்னாங்களேம்மா. தற்காலிக டீச்சரே போதும், பாடம் நல்லா நடக்குதுன்னு. ஜட்ஜ் ஏன் நம்பலை?"

"இந்த ஸ்கூல்ல இருக்கற யாரோ எழுதிக் கொடுத்த கடிதம் ஃபைல்ல இருந்துதாம். பாடம் சரியா நடக்கலைன்னு. அதுதான் கேஸையே திருப்பிச்சுன்னு வக்கீல் சொன்னார்." அவள் பேனாவை நிறுத்தினாள். "நீங்களா சார் எழுதினீங்க?"

"எனக்கு அந்தத் தைரியம் வரலை." அவர் குரல் இறங்கியது. "கேஸுக்காக விசாரிக்க வந்த அதிகாரி, 'எல்லாம் நல்லா நடக்குதுன்னு எழுதுங்க, உங்களை நிரந்தரமாக்கிடலாம்'னு அந்தம்மாகிட்ட சொன்னார். அவங்க, 'எனக்குத் தெரிஞ்ச கணக்கு இந்தப் பிள்ளைங்களுக்குப் போதாது, தகுதியானவங்களைப் போடுங்க'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க."

புது டீச்சர் எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். கேட் திறந்து கிடந்தது. தெருவில் யாரும் இல்லை.

"தீர்ப்பு வந்த அன்னிக்கு வகுப்புல போய்ச் சொன்னாங்க" என்றார் அவர். "'உங்களுக்கு நல்ல டீச்சர் வர்றாங்க, எல்லாரும் எழுந்து நின்னு வணக்கம் சொல்லணும்'னு."