குச்சியின் உயரம்

“பந்து வானத்துக்குப் போய் நலம் விசாரிச்சுட்டுத் திரும்பி வருது சார். முன்னாடி மட்டும் போக மாட்டேங்குது!”

மேனேஜர் மூன்று வாரமாக இதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார். கேட்டுக் கேட்டு கோல்ஃப் கோச்சுக்குக் காது புளித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் போட்டி. பந்தை யார் அதிக தூரம் அடிக்கிறாரோ அவருக்குக் கோப்பை. போன வருஷம் அதை வாங்கியவன் மேனேஜரின் மச்சினன். வாங்கினால் வாங்கிவிட்டுப் போகட்டும், அதை வீட்டுக் கூடத்தில் வைத்து வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருந்தான். கூடப்பிறந்த பாசத்தில் மனைவியும் தலையாட்டினாள். அதுதான் மேனேஜருக்கு ஆறவில்லை.

“எனக்கு வராதுன்னு இல்லை சார். மூணு வாரத்துக்கு முன்னாடி ஒண்ணு அடிச்சேன் பாருங்க! தாழ்வா, சீறிக்கிட்டுப் போய் மேட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்துது. அங்க இருந்தவங்க ‘ஓ’ன்னு ஒரே கூச்சல். நான் தொப்பியைத் தூக்கிக் காட்டினேன்!”

பேண்ட் பாக்கெட்டிலிருந்து ஒரு பந்தை எடுத்து நீட்டினார். ஒரு பக்கம் செம்மண் நிறத்தில் ஒரு கறை.

“இதான் அந்தப் பந்து. போன் வந்துச்சுன்னு நான் திரும்பிட்டேன். என் மட்டைப் பையைத் தூக்கிட்டு வர்ற பைக்காரர்தான் தேடி எடுத்துட்டு வந்தார். கழுவினா ராசி போயிடும்னு அப்படியே வெச்சிருக்கேன்.”

கோச் பந்தைப் பார்க்கவில்லை. மேனேஜரின் பெரிய மட்டையைத் திருப்பிப் பார்த்தார். அதன் மேல் விளிம்பில் வரிசையாக வெள்ளைத் தடங்கள்.

“எங்க, நீங்க எப்பவும் அடிக்கிற மாதிரி ஒண்ணு அடிங்க. பந்தை வைக்கிற குச்சியை யார் நடுவாங்க?”

“பைக்காரர்தான். குனிஞ்சா எனக்கு இடுப்பு பிடிச்சுக்கும். அவர் நட்டுப் பந்தை வெச்சுடுவார், நான் அடிப்பேன். அவர் மத்த மட்டைகளைத் துடைக்கக் கொட்டகைக்குப் போயிருக்கார். குச்சி இந்தப் பையிலதான் இருக்கு.”

கோச் பைக்குள் கையை விட்டார். வந்ததெல்லாம் நீளமான குச்சிகள். ஒன்றை நட்டு, பந்தை வைத்து, பக்கத்தில் மட்டையை நிறுத்தினார்.

“இதான் விஷயம்! பந்துல பாதிதான் மட்டைக்கு மேல தெரியணும். இங்க முழுப் பந்தும் மேல நிக்குது. மட்டை அடியில நுழைஞ்சு பந்தைத் தூக்கி விட்டுடுது. உங்க கை மேல ஒரு குத்தமும் இல்லை.”

குச்சியை அழுத்தி இறக்கினார். மேனேஜர் அடித்தார். பந்து தாழ்வாகச் சீறிக்கொண்டு போய், பயிற்சி மைதானத்தில் தூரம் எழுதி நட்டிருந்த கடைசிப் பலகையையும் தாண்டி உருண்டது.

மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அடுத்த நிமிஷமே முகம் கறுத்தது.

பதினோரு வருஷமாகப் பை தூக்குகிறவருக்குக் குச்சியின் உயரம் தெரியாதா? இது மச்சினன் வேலையாகத்தான் இருக்க வேண்டும். விடுவிடுவென்று கொட்டகைக்கு நடந்தார்.

பைக்காரர் உட்கார்ந்து மட்டை துடைத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் நீளக் குச்சிகளை அவர் முன்னால் விசிறியடித்தார்.

“தெரிஞ்சேதான் உயரமா வெச்சீங்களா?”

பைக்காரர் எழுந்து நின்றார். “ஆமாங்க ஐயா.”

இல்லை என்று மழுப்புவார், அப்போது பிடித்துக்கொள்ளலாம் என்று வந்தவர் நேராக அடுத்த கேள்விக்குத் தாவினார்.

“என் மச்சினன் எவ்வளவு கொடுத்தான்?”

“யாரும் எதுவும் கொடுக்கலைங்க.”

“அப்புறம் எதுக்குய்யா எனக்கு இந்தத் துரோகம்?”

பைக்காரர் கையிலிருந்த துணியை மடித்தார். திரும்பவும் பிரித்தார்.

“மேட்டுக்கு அந்தப் பக்கம் பொம்பளைங்க களை பிடுங்குறாங்க ஐயா. நம்ம இடத்துல இருந்து பார்த்தா தெரியாது. அதுல ஒருத்திக்கு இடது கண்ணு போயிடுச்சு. ஒரு கண்ணை வெச்சுக்கிட்டு, பந்து கிட்ட வருதா தூரத்துல வருதான்னு அவளுக்குப் பிடிபட மாட்டேங்குது. தாழ்வா வந்தா நிமிர்றதுக்குள்ள மேல பட்டுடும். உயரமா போனா மத்தவங்க பார்த்துட்டு அவளை இழுத்துக்குவாங்க.”

“அதுக்கு நான் என்ன பண்றது? ஆட்டம் நடக்கிற இடத்துல அவங்களை யாரு நிக்கச் சொன்னா?”

“சூப்பர்வைசர்தாங்க. ஆனா கேட்டா இல்லைம்பாரு. ரூல்ஸ்படி அங்க நிக்கக் கூடாது. வெளிய தெரிஞ்சா அவ வேலை போயிடும். அதான் ஆஸ்பத்திரியில கூட வழுக்கி விழுந்ததா சொல்லிட்டா.”

“வழுக்கி விழலையா? அப்ப எப்படிப் போச்சு?”

பைக்காரர் மேனேஜரின் பேண்ட் பாக்கெட்டையே பார்த்தார்.

மேனேஜரின் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போய், பந்தின் மேல் பட்டதும் சுட்டதுபோல் வெளியே வந்தது.

“அன்னிக்கு... அங்க கத்தினாங்களே...”

“ஆமாங்க. அவ விழுந்ததைப் பார்த்துக் கத்தினாங்க. நீங்க தொப்பியைத் தூக்கிக் காட்டினீங்க.”

மேனேஜர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார்.

“அன்னிக்கே என்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொல்லத்தான் ஐயா, பந்துல இருந்த கறையைத் துடைக்காம அப்படியே கொண்டாந்து உங்க கையில கொடுத்தேன். நீங்க வாங்கின உடனே அதுக்கு முத்தம் கொடுத்துட்டீங்க.”