கத்திக்குத் தெரியாத கேள்வி

பிடியில் சான்றுச் சீட்டு கட்டிய கத்தி ஒன்று நீதிமன்ற மேசையில் கிடந்தது. அதை வைத்துக் கொலை செய்த மருதையன் எதிரே கூண்டில் நின்றான்.

"குற்றம் நிரூபணமாகிவிட்டது," என்றார் நீதிபதி.

"அப்புறம் என்ன, ஒரே வீச்சுதான்!" என்றது கத்தி.

"பொறு," என்றது மேசை.

நீதிபதி மருதையனைப் பார்த்தார். "தண்டனை பற்றி நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

அவன் வாயைத் திறந்தான், சொல் உடனே வரவில்லை. நீதிபதி காத்திருந்தார். கூடமே காத்திருந்தது.

கத்தி மலைத்துப்போனது. "கொலைகாரன் என்று தெரிந்த பிறகுமா கேட்கிறார்?"

"கேட்காமல் இங்கே யாரையும் தண்டிப்பதில்லை," என்றது மேசை.

கத்தி மெல்லச் சொன்னது:

"அன்றைக்குக் கொலையான அந்த மனிதரும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நாங்கள் காத்திருக்கவில்லை."