மேடைக்கு எட்டு

திரையில் புள்ளிகள் நகரும்வரைதான் அவளுக்கு வேலை.

குணாளன் சார் நேற்றே சொல்லிவிட்டார். “சேர்மன் ஐயா பாக்குற படம்மா அது. ஒரு நொடி நின்னுச்சுன்னா, நாளைக்கு நீ ஆபீஸ் பக்கமே வர வேண்டாம்.”

மேடைக்குப் பின்னால், மடியில் கணினியோடு உட்கார்ந்திருந்தாள்.

ஆம்புலன்ஸ் செயலியின் தரவுத்தளத்துக்கு மொத்தம் பத்து இணைப்புகள். பழைய சர்வர், அதற்கு மேல் தாங்காது. வருகிறவர் ஒன்றை எடுக்க வேண்டும், வேலை முடிந்ததும் திருப்பி வைக்க வேண்டும், அடுத்தவர் எடுக்க வேண்டும். அப்படித்தான் அவள் அமைத்திருந்தாள்.

குணாளன் வந்து எட்டை மேடைத் திரைக்கு ஒதுக்கச் சொன்னார்.

ஊருக்கு இரண்டு.

மேடையில் பிரம்மாண்டமான ஊர் வரைபடம். அதில் அறக்கட்டளையின் இலவச ஆம்புலன்ஸ்கள் சிவப்புப் புள்ளிகளாக ஊர்ந்தன. புள்ளி நகர வேண்டும் என்பதற்காகவே வண்டிகள் காலையிலிருந்து காலியாக ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தன.

ஒன்று மட்டும் மண்டப வாசலில் நின்றது. சாமந்தி மாலை, குறுக்கே ரிப்பன். ஐயா கொடியசைக்க.

செயலி சொன்னால்தான் ஆளை ஏற்றப் போக வேண்டும், வாய்ச்சொல்லுக்குப் போகக் கூடாது என்று டிரைவர்களுக்கு உத்தரவு.

“நர்சிங் காலேஜ் தங்கச்சிங்களா! எல்லாரும் செல்போன எடுங்க! ஐயாவுக்கு ஒரு வணக்கம் போடுங்க!” என்று மைக்கில் ஒருத்தி கூவினாள்.

செயலியில் அதற்கென்று ஒரு பொத்தான் இருந்தது. ஆம்புலன்ஸ் பொத்தானைவிடப் பெரியது.

இரண்டு இணைப்புகளுக்கு முன்னால் வணக்கங்கள் முண்டியடித்தன.

நடுவில் ஒன்று.

ரைஸ்மில் பின்தெரு. பிரசவ வலி. பனிக்குடம் உடைந்துவிட்டது.

மண்டபத்துக்கு இரண்டு தெரு தள்ளி.

முப்பது நொடி காத்து நின்றது. ‘மீண்டும் முயலவும்’ என்று திரும்பிப் போனது.

“சார், ஒரு பிரசவக் கேஸ் உள்ள வர முடியாம நிக்குது. மேடையோட எட்ட விட்டுடவா?”

குணாளன் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்தார். “ஐயா பேசி முடிக்கட்டும்மா.”

ஐயா பேசி முடித்து அந்த ஊர் பார்த்ததில்லை.

மறுபடி அதே எண். மறுபடி திரும்பிப் போனது.

மூன்றாம் முறை வந்தபோது முகவரியில் பாதி எழுத்தைக் காணோம்.

அவள் எட்டை அழித்தாள். பூஜ்யம் போட்டாள்.

விரல் ஒரு கணம் அந்தரத்தில் நின்றது.

அழுத்தினாள்.

மேடையில் எல்லாப் புள்ளிகளும் நின்றன. குணாளனின் கழுத்து மெல்ல அவள் பக்கம் திரும்பியது.

சேர்மன் பேச்சை நிறுத்தித் திரையைப் பார்த்தார். மைக்கில் அவர் மூச்சு கேட்டது.

பிறகு இரண்டு கையையும் அகல விரித்தார்.

“பாத்தீங்களா! ஒரு வண்டி அசையல. அத்தனையும் உங்களுக்காக ரெடியா நிக்குது!”

மண்டபம் அதிரக் கைதட்டியது. குணாளனும் தட்டினார், அவள்மேல் வைத்த கண்ணை எடுக்காமல்.

தட்டல் ஓயுமுன் வாசலில் சைரன் அலறியது. தெரு திரும்பித் தேய்ந்தது.

சேர்மனின் கையில் பச்சைக் கொடி அப்படியே இருந்தது.

“எட்டைத் திருப்பிப் போடும்மா,” என்றார் குணாளன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் கணினியை மூடினாள்.

மேடைத் திரையில் அந்த வண்டி இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.