நுரை நிற்காத கன்னம்

நுரை நிற்கவில்லை.

பிரஷ்ஷை வட்டமாகச் சுழற்றி அவன் வலது கன்னத்தில் வைத்தாள். ஒரு கணம் இருந்தது. பிறகு குலையாமல், அப்படியே மொத்தமாக வழுக்கி இறங்கிக் கழுத்துத் துணியில் விழுந்தது.

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. இந்த சலூனில் சேர்ந்த நாளிலிருந்து அவள் சவரம் செய்கிற கன்னம். கண்ணை மூடிக்கொண்டே செய்வாள். இன்றைக்கு என்ன பிகு பண்ணிக்கொள்கிறது!

மறுபடி வைத்தாள்.

மறுபடி வழுக்கியது.

தோல் ஈரத்தை வாங்கினால்தான் நுரை பிடிக்கும். எண்ணெய் இருந்தால் போயிற்று. எவ்வளவு குழைத்து வைத்தாலும் ஓடிவிடும்.

"எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சீங்களா?" சோபாவில் ஆள் காத்திருந்தார். கடையில் ஆள் இருந்தால் அவனுக்கு 'நீங்க'தான்.

"ஒடம்பு ஒரே சூடு, எஸ்தர். அம்மா தேய்ச்சுவிட்டாங்க" என்றான் தனசேகர், கண்ணைத் திறக்காமலே.

அந்த அம்மாவிடம்தான் தனக்கும் எஸ்தருக்கும் நடக்கவேண்டிய கல்யாணத்தைப் பற்றிப் பேசப்போவதாகச் சொல்லியிருந்தான். ஆவணி பிறக்கட்டும் என்றான். ஆவணி பிறந்துவிட்டது.

வெந்நீரில் துண்டைப் பிழிந்து அழுத்தித் துடைத்தாள். கன்னம். காது மடலுக்குப் பின்னால். கழுத்து மடிப்பு.

துண்டு மஞ்சளானது.

கல்யாண வீடுகளுக்குப் பெண் அலங்காரம் செய்யப் போகிறவள் அவள். நலங்கு வைப்பது தெரியாதா? சொந்தக்காரப் பெண்கள் கூடி நின்று மாப்பிள்ளைக்கு எண்ணெயும் மஞ்சளும் பூசுவார்கள். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் மடிப்புகளில் தங்கிவிடும்.

"நாளைக்கு ஊர்ல ஒரு விசேஷம். கொஞ்சம் நல்லா பண்ணிவிடு" என்றான். நாக்குக் கூசவில்லை.

பாவி. இந்த முகத்தை இன்னொருத்திக்குப் பளபளவென்று காட்ட, இவள் கைதான் கிடைத்ததா?

மூன்றாம் முறை நுரை நின்றது.

நல்லாவே பண்ணினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கீறல் விழாமல். மீசையை ஒதுக்கினாள். கிருதாவைச் சமன் செய்தாள். துணியை உதறி, நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள்.

பிறகு கைப்பையிலிருந்து மை டப்பாவை எடுத்தாள். விரலால் தொட்டு, அவன் வலது கன்னத்தில், மாப்பிள்ளைக்கு வைக்கிற திருஷ்டிப் பொட்டை வைத்தாள்.

கண்ணாடியில் அவன் கண்கள் இவளைத் தேடின.

அவள் சோபா பக்கம் திரும்பியிருந்தாள்.

"அடுத்து நீங்க வாங்க சார்."