தர்பூசணிச் சாயம்

"இந்தப் பழத்துல சாயம் ஏத்தியிருக்கு!"

மாட வீதியில் குல்சுமின் பழக்கடை முன் வேதியியல் பேராசிரியர் தனபாலன் கொதித்தார். கையில் ஒரு வடிதாள்.

"இந்தத் தாளோட அடியில கோடு போட்டு, அதுமேல சாறு வெச்சுத் தண்ணியில நிறுத்தினேன். பழத்தோட நிறம் தண்ணியில ஏறாது, சாயம்தான் ஏறும். செவப்பு எப்படி ஏறியிருக்கு பாரு!"

வாங்க வந்தவர்கள் பழத்தைத் திரும்ப வைத்தார்கள்.

குல்சும் தாளை வாங்கிப் பார்த்தாள். "சாறு நடுவுல ஒரு சொட்டுதான் கீது. செவப்பு இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் ஏறிக்கீதே சார்? கோட்டை எதால போட்டீங்க?"

தனபாலனின் கை, சட்டைப்பையிலிருந்த சிவப்பு மைப்பேனாவை மெல்ல மறைத்தது.

குல்சும் சிரித்துவிட்டாள். "உங்க ஸ்டூடண்ட்தான் சார் நானு. இதே பேனாவாலதான் என் ரெக்கார்டு நோட்டுல எழுதினீங்க: ‘மை தண்ணீரில் ஏறும். கோட்டைப் பென்சிலால் போடு!’"