சகலையின் ஜெட்

பிளேடைத் தோள்மூட்டில் வைத்து மெதுவாக ஓர் இழுப்பு. இடதுபக்கம் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. ரத்தம் வரவில்லை, வந்திருந்தால் ஜெயகுமார் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பார்.

வந்தது ஒரு விமானத்தின் இறக்கை. அமெரிக்காவில் சோதனைக்காக ரெண்டே ரெண்டு செய்து பறக்கவிட்டுப் பார்த்த ஜெட் ஒன்றை, சகலை திரவியம் பால்சா மரத்தில் முழ நீளத்துக்கு இழைத்து, வெள்ளையடித்து, சிவப்புக் கோடு இழுத்து வைத்திருந்தார். அன்று சாயங்காலம் சாலைக் கடைத்தெருவில் ஒரு மண்டபத்தில் மாதிரி விமானப் போட்டி.

கீழே திரவியம் வீட்டு ஞாயிற்றுக்கிழமை விருந்து அமர்க்களப்பட்டது. "கை கழுவிட்டு வாறேன்" என்று மாடியேறிய ஜெயகுமாரின் வயிற்றெரிச்சலில் பொன்முடி மலைத் தேயிலை மொத்தத்தையும் வறுத்து எடுத்திருக்கலாம்.

காரணம், போன ஓணம். மாதக்கணக்கில் கண் பூக்க உட்கார்ந்து தீக்குச்சியில் கட்டிய கப்பலை ஜெயகுமார் குடும்பத்தார் முன்னால் கொண்டுவந்து வைத்தார். திரவியம் குனிந்து பார்த்து, "நல்லாருக்கு வே. புட்டுக்குழாய்க்கு மூடி எங்க?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து தம்பானூர் ஆட்டோக்காரர்கள் வரைக்கும் அவர் புட்டுக்குழாய்தான். கட்டின மனைவி ஸ்ரீலட்சுமியே நேற்று, "புட்... ஏங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். அதே குடும்பத்தின் முன்னால் திரவியமும் ஒருநாள் சிரிப்பாய்ச் சிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜெயகுமாரின் கட்டை வேகாது.

திரவியத்தின் மாடியறை திறந்து கிடந்து யாரும் பார்த்ததில்லை. குளிக்கப் போனாலும் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு போகிற ஆள். அந்த ஜெட்டின் படத்தைக்கூட ஒரு ஈ காக்காய் கண்ணில் காட்டவில்லை. இன்று பூட்டு சும்மா தொங்கியது. படுத்திருக்கும் பத்மநாபசுவாமி தனக்காக ஒரு நிமிஷம் எழுந்து வந்து திறந்துவிட்டுப் போனதாகவே ஜெயகுமார் நம்பினார்.

அடுத்து வலது இறக்கை. அதன் சிவப்புக் கோடு உடம்பிலிருந்த கோட்டோடு சேராமல் விரற்கடை தள்ளி ஓடியதைப் பார்த்து, "ஒரு கோடு சேர்க்கத் துப்பில்ல, ஜெட்டு செய்ய வந்துட்டாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே அதையும் பிரித்தார்.

பிறகு வலதை இடப்பக்கத்திலும் இடதை வலப்பக்கத்திலும் வைத்து, மேஜையில் கிடந்த ஃபெவிக்விக்கால் ஒட்டினார். கப்பல் கட்டிய கை. ஒரு கீறல் இல்லை, ஒரு பிசிறு இல்லை.

பின்னால் சாய்ந்திருந்த இறக்கைகள் இப்போது முன்னால் நீட்டிக்கொண்டு நின்றன. கல்யாண வீட்டில் யாரையோ கட்டிப்பிடிக்க ஓடுகிற அத்தை மாதிரி இருந்தது ஜெட். மூடியிருந்த துணியை முன்போலவே மூடிவிட்டு, கீழே வந்து ரெண்டாம் தடவை பாயசம் வாங்கிக் குடித்தார்.

சாயங்காலம் மனைவி வீட்டு ஜனம் முழுவதையும் மண்டபத்தின் முன்வரிசையில் அவரே இடம்பிடித்து உட்காரவைத்தார். குடும்ப வாட்ஸப்பில் போட வீடியோவும் ஓடியது. திரவியம் மேடையில் துணியை உருவினார்.

"ஏங்க, ரெக்கையத் திருப்பி மாட்டிட்டியளே" என்றாள் அவர் மனைவி முத்தாரம்மாள். முன்வரிசை சிரித்த சிரிப்பு சங்குமுகம் கடற்கரைக்குக் கேட்டிருக்கும். ஜெயகுமாருக்குச் சொர்க்கவாசல் தெரிந்தது.

நடுவர் ஷிஜா, விமானப் பொறியியல் பேராசிரியை, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஜெட்டைச் சுற்றி வந்தார்.

"சிரிக்க வேண்டா, கேட்டோ. மத்த ஜெட்டுக்கெல்லாம் ரெக்கை பின்னால சாயும். முன்னால சாய்ச்சா எப்படிப் பறக்கும்னு பார்க்கப் பண்ணினதுதான் இது. என் காலேஜ் பிள்ளைங்ககூடப் பழக்கத்துல பின்னால சாய்ச்சு ஒட்டிக்கொண்டு வரும். சார் மட்டும்தான் கறக்டா ஒட்டியிருக்கார். முதல் பரிசு சாருக்குத்தான்."

கைதட்டலில் தூண்கள் ஆடின. ஜெயகுமாரின் செல்போன் அதையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

கோப்பையோடு இறங்கிவந்த திரவியம் நேராக ஜெயகுமாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காதருகே குனிந்தார்.

"எனக்கும் அந்தப் பழக்கதோசம்தாம் வே. பின்னால சாய்ச்சு ஒட்டிட்டேன். கோடு சேரலியேன்னு பாத்தப்பதான் வெளங்குச்சு. பிரிக்கலாம்னா எனக்குக் கை கிடுகிடுங்குது. பிசிறில்லாமப் பிரிக்க நம்ம குடும்பத்துல கப்பல் கட்டுன கை ஒண்ணுதான உண்டு."

ஜெயகுமார் வீடியோவை நிறுத்தினார். "நான்... ஒடச்சுப் போட்டிருந்தா?"

"ஒடச்சா உம்மத் திட்டுவாவ. மாத்தி ஒட்டுனா என்னப் பாத்துச் சிரிப்பாவ. நீரு எதச் செய்வீர்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அண்ணாச்சி."

"கேட்டா மாட்டேம்பீரு. அதாம் கதவப் பூட்டல."